இரண்டாம் கேட்டில் தவளை வண்டி

மாலை நாலு இருபது. பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார், இருக்கை இரண்டு. ஓட்டிவந்தவர் பெயர் சொர்ணவேல். தூத்துக்குடி இரண்டாம் கேட்டின் தடுப்புக் கம்பி மணியடித்தபடி அவர் கண்ணெதிரே இறங்கியது. முன்னால் போன தண்ணீர் லாரி தண்டவாளத்தைத் தாண்டித் தப்பிவிட, வரிசையின் முதல் ஆளாக அவர் மாட்டிக்கொண்டார். முதல் ஆளாக நிற்பது இந்தக் காரின் தலையில் எழுதியது போல என்று நினைத்தார், உடனே அப்படி நினைத்ததற்காக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். சித்திரை கழிந்து வைகாசி பிறந்திருந்தது. கடற்காற்று வரும் நேரம்தான், ஆனால் வரவில்லை. ஈரம் மட்டும் வந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் வேகவைத்து இறக்கிய மாதிரி நின்றது. மதினி காலையில் போன் செய்து சொன்ன வார்த்தைகள் அப்படியே காதில் இருந்தன. "தம்பி, இன்னைக்கு அந்தத் தவளையிலயே வாங்க. உங்க அண்ணன் அதத்தான் கேக்காக. பேச்சு சொல்லிக்குடுக்க வார ஜெனிட்டா படம் காட்டும்லா, பசு, வீடு, செருப்பு, கார்னு. நாலு நாளா எதக் காட்டினாலும் கார் படத்துலயே விரல வைக்காக. ஒரு நட கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன், பீச் ரோட்டு வரைக்கும். ரெண்டு பேரும் மட்டும்." ரெண்டு பேரும் மட்டும். இரண்டு இருக்கையில் வேறு எப்படிப் போக முடியும்? மதினி அதை ஒரு சலுகை மாதிரி சொன்னாள். அவர் "சரி மதினி" என்றார். சொன்ன பிறகுதான், அந்த வீட்டில் இனி யாரும் அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது என்பது நினைவு வந்தது. அண்ணன் பரமகுருவுக்கு ஏழு மாதமாக மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். பக்கவாதம் வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டு, பேச்சையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. தண்ணீர் வேணுமா என்றால் சரி. வலிக்குதா என்றால் சரி. உங்க பேரு என்ன என்றால், வெகுநேரம் யோசித்து, நெற்றி வியர்த்து, சரி.

பக்கத்துக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மூன்று பையன்கள் ஒரே ஸ்கூட்டரில். அவர் கண்ணாடியை இறக்கப் பொத்தானைத் தொட்டார், பொத்தான் விரலோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. இதுவும் ஈரத்தின் வேலை. குளிர்நாட்டில் செய்த வண்டி. பொத்தான்களின் மேல் மிருதுவாக ஏதோ பூசியிருந்தார்கள், அது இந்த ஊரில் இரண்டே கோடையில் வெல்லப்பாகு ஆகிவிட்டது. தொட்ட விரல்ரேகையெல்லாம் பதிந்து கிடந்தது. "அண்ணாச்சி, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்றான் நடுவில் உட்கார்ந்திருந்தவன். "நாலு, அஞ்சு." "நாலு அஞ்சா! எங்க அப்பா குடிக்கத விட அதிகமா குடிக்குதே." மூவரும் சிரித்தார்கள். "எத்தன பேரு போலாம்?" "ரெண்டு பேரு." "எங்க வீட்டு லோடு ஆட்டோல பதினாலு பேரு திருச்செந்தூர் போயிட்டு வந்தோம், ஆடு தனி." அவரும் சிரிக்க வேண்டியிருந்தது. லோடு ஆட்டோ என்ற சொல்லில் சிரிப்பு பாதியில் நின்றது. பின்னாலிருந்த ஷேர் ஆட்டோவில் ஓர் அம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே உரக்கச் சொன்னாள், "தவளைக்கு மூஞ்சியப் பாரு, எப்பம் துள்ளும்னு தெரியலயே." ஊரே இதைத் தவளை என்றுதான் சொல்கிறது. வாங்கி வந்த அன்று, அகன்ற வாயும் உப்பிய கண்களும் இந்தப் பச்சை நிறமுமாக, அண்ணன் தம்பி நடத்தும் கண்டெய்னர் யார்டுக்குள் இது உறுமிக்கொண்டு நுழைந்தபோது, சுமைக்காரர் தலைவர் இசக்கிமுத்துதான் முதலில் சொன்னார். அண்ணன் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். அப்படி அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. "தவளைதாம்ல. மழை பெஞ்சா கத்துமா?" என்றார். வாங்குவதற்கு முன்னால் அண்ணனிடம் கேட்டது யார்டு ஆபீசில். கேட்பதற்குச் சொர்ணவேல் பத்து நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தார். ஐம்பது வயதில் என்னடா விளையாட்டு என்பார், யார்டுக்கு இன்னொரு கிரேன் வாங்கலாமே என்பார், அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார். அண்ணன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கழற்றாமலே "சரி, வாங்கிக்கோ" என்றார். சரி. அப்போதும் அதேதான். தம்பியிடம் அண்ணன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தது அந்தச் சொல்லைத்தானா, அதனால்தான் மூளையின் ஏதோ மூலையில் அது மட்டும் அழியாமல் ஆழமாகப் பதிந்து கிடக்கிறதா? பேச்சுப் பயிற்சிக்கு வரும் ஜெனிட்டாவிடம் இதைக் கேட்கலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. கேட்டதில்லை. அந்தப் பெண் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

வெப்பமுள் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு நூல் ஏறியிருந்தது. பின்பக்கம் மின்விசிறிகள் மாவு மில் மாதிரி இரைய ஆரம்பித்தன. ஏசி ஊதுவது சூடா குளிரா என்று சொல்ல முடியாத ஒன்றாகிவிட்டது. இந்த வண்டியை நிறுத்தினாலும் குற்றம், ஓட்டினாலும் குற்றம். நிறுத்தி வைத்தால் அழுகும். இதை வாங்கிய முதல் மழைக்காலத்தில் அவர் கற்றுக்கொண்டார். கொச்சியில் வாங்கியபோது விலையுயர்ந்த உறை ஒன்றும் கொடுத்திருந்தார்கள். மழை நின்ற ஓர் இரவில் ஈரவண்டிக்கு அதைப் போர்த்திவிட்டுப் படுத்தார். பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், இருக்கைத் தோலின் மேல் சாம்பல் பூத்த மாதிரிப் பூஞ்சை. பிரேக் தட்டுகள் ஒரே ராத்திரியில் துருப்பிடித்துச் செங்கல் நிறமாகிவிடும், முகப்பு விளக்குக்குள் வியர்த்துப்போகும், எலி வந்து ஒயரைத் தின்னும். கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருக்கிற ஊரில் இரும்பு வைத்திருப்பவன் எல்லோருக்கும் தெரிந்ததுதான் இது. தெரிந்தும்தான் வாங்கினார். அதன் பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் அறை கட்டினார், கதவுச் சந்துக்கு ரப்பர் ஒட்டி, இராப்பகல் ஓடும் ஏசி வைத்து, மூலைகளில் கம்பிக் கூடைகளில் அடுப்புக்கரி நிரப்பி. "உங்க மகராசிக்கு அந்தப்புரம் ஆச்சு, எங்களுக்கு எப்பம்?" என்று அவர் மனைவி சந்திரகலா கேட்டாள். கேலியாகத்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவரே மண்டியிட்டு, வினிகர் கலந்த தண்ணீரில் துணி நனைத்துப் பிழிந்து, தையல் தையலாக இருக்கையைத் துடைப்பார். பிறகு உலர்த்துவார். பிறகு கிரீம் தடவுவார், வட்ட வட்டமாக. போன மாசி மாதம் ஒரு ஞாயிறு, கையில் அந்தக் கிரீம் வாசனையோடு அண்ணன் வீட்டுக்குப் போனார். மதினி அண்ணனை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண்ணாகத் தொடங்கியிருந்தது. "வேர்வையில நனஞ்சே கெடந்தா இப்பிடித்தான் ஆவுது தம்பி. மணிக்கொரு தடவை திருப்பிப் போட்டாலும்." ஏசி வைக்கலாமே மதினி, நான் ஆளனுப்புறேன் என்றார். "அவுகளுக்குக் குளிர் ஒத்துக்கிடாது. கை இழுத்துக்கிடுது." அவர் தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அன்றிரவு வீட்டுக்கு வந்து கார் அறையின் ஏசியை அணைத்தார். அரைமணி நேரம் கழித்து எழுந்துபோய்ப் போட்டார். அணைத்தது யாருக்காக, போட்டது யாருக்காக என்று அவரால் சொல்ல முடியவில்லை. அணைத்ததைவிடப் போட்டதுதான் வெட்கம் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், அணைத்ததுதான் அதைவிடக் கேவலமான நாடகம் என்று தோன்றும்.

ரயில் வரவில்லை. கேட்டின் அந்தப் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு கூட்டம் இவர்களைப் பார்த்து நின்றது. எதிரே முதல் ஆளாக ஒரு சைக்கிள்காரர், கேரியரில் ஐஸ் பெட்டி. அவர் காரை நெற்றி சுருக்கிப் பார்த்தார். எல்லோரும் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் இப்படிப் பார்ப்பது தோளில் சால்வை போட்டது மாதிரி இருக்கும். அந்த ஆயுதபூஜை அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. வேண்டாம் என்று நினைத்தார், நினைப்பு ஏற்கெனவே யார்டு வாசலில் போய் நின்றுவிட்டது. யார்டில் ஆயுதபூஜைக்கு எல்லா வண்டியும் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, பெரியது பின்னால் சிறியது முன்னால் என்று வரிசையாக நிற்கும். தீபாராதனை முடிந்து டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும்வரை எதையும் நகர்த்தக் கூடாது. அது அவர்கள் அப்பா காலத்துப் பழக்கம். எல்லாவற்றுக்கும் முன்னால், வாசல் நெடுக அடைத்துக்கொண்டு, தவளை. அங்கே வைக்கச் சொன்னது அவர்தான். ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று கதவு இரண்டையும் திறந்து, உள்விளக்கு போட்டு, பாட்டு வைத்தார். சுமைக்காரர்களின் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். காலை முழுக்கப் பாட்டு ஓடியது. மணி அடித்து, ஐயர் கற்பூரத் தட்டை எடுத்தபோது, அண்ணன் தட்டில் போடச் சட்டைப்பையிலிருந்து காசு எடுத்தார், காசு கீழே விழுந்தது. குனிந்தார். எடுத்தார். மறுபடி விழுந்தது. "என்னண்ணே?" என்றார் இவர். அண்ணன் இவரைப் பார்த்தார், வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. பிறகு சாய்ந்தார். அண்ணனின் பெரிய கார் தவளைக்கு நேர் பின்னால் இருந்தது. தவளையை எடுத்தால் அது போய்விடும். இவர் ஓடிப்போய் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். பாட்டு நின்றது, விளக்கு மங்கியது. அவ்வளவுதான். ஈரத்தில் ஏற்கெனவே பாதி செத்துக் கிடந்த பேட்டரி, மீதியைப் பாட்டுக்குக் கொடுத்திருந்தது. அந்த வண்டியின் பிரேக் மின்சாரத்தில் வேலை செய்வது. பேட்டரி போனால் சக்கரத்தைப் பிடித்த பிடி பிடித்தபடியே இருக்கும், தள்ளினால் உருளாது. இசக்கிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "பத்துப் பேரு இருக்கோம் அண்ணாச்சி. அப்படியே தூக்கி ஓரத்துல வச்சிருவோம். ஏல, வாங்கல எல்லாரும்." ஆட்கள் குனிந்தார்கள். கைகள் வண்டியின் அடிப்பக்கத்துக்குள் போயின. அப்போதுதான். அப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்தது. "தூக்காதிய! கீழ உடஞ்சிரும்! தூக்காதிய, இரிங்க, ஒயரு கொண்டாரேன்."

தூக்காதிய. சத்தமாகத்தான் வந்தது, யோசனையே இல்லாமல். ஒரு மனிதன் நெருப்பில் கை பட்டால் கத்துகிற மாதிரி. அதுதான் தாங்க முடியாதது. யோசித்துச் சொல்லியிருந்தால் தப்புக் கணக்கு என்று ஏதாவது பெயர் வைக்கலாம். கைகள் அடியில் போனதும் கண்முன் வந்தது அந்த அடிப்பாகத்தில் விழப்போகும் விரிசல்தான், அண்ணனின் முகம் அல்ல. ஆட்கள் கையை எடுத்துவிட்டார்கள். முதலாளி சொன்னால் எடுத்துத்தானே ஆக வேண்டும். இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒயரை இவர் தேடினார். கிரேன்காரரின் அறையில் ஒயர் இருந்தது, அறை பூட்டியிருந்தது, சாவி பூஜைத் தட்டில் இருந்தது, ஆயுதபூஜை அல்லவா, சாவியெல்லாம் சாமிக்கு முன்னால். சாவிக் குவியலில் அந்தச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தார். தரையில், மதினியின் மடியில் தலைவைத்துக் கிடந்த அண்ணன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. கேட்டதா? கேட்டிருக்கும். காது நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கடைசியில் யாரோ ஓடிப்போய்ச் சுவரோரச் சந்தின் வழியாக வெளியே ரோட்டில் போன லோடு ஆட்டோவை நிறுத்தினார்கள். அதன் தட்டில், பூஜைக்குப் போட்ட சட்டையோடு, நெற்றியில் சந்தனத்தோடு அண்ணனைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்றார். எல்லா டாக்டர்களும் எல்லோரிடமும் சொல்வது. அந்த டாக்டரே அடுத்த கட்டில்காரரிடமும் அதையே சொன்னதை இவர் கேட்டார், கேட்டுக் கொஞ்சம் ஆறுதல் பட்டார், ஆறுதல் பட்டதை நினைத்து இப்போதும் காது மடல் சூடாகிறது. எவ்வளவு நேரம் வீணாயிற்று என்று அவர் கணக்குப் போட்டதே இல்லை. கப்பல் துறைமுகத்தில் நின்ற ஒவ்வொரு மணிக்கும் கணக்குப் போட்டுப் பழகிய மனிதர்.

"அண்ணாச்சி, பொகையுது!" ஸ்கூட்டர் பையன் கத்தினான். பின்பக்கத் தட்டிகளின் வழியாக வெள்ளையாக ஏதோ கிளம்பியது. ஏசித் தண்ணீர் சூட்டுக் குழாயில் சொட்டியிருக்க வேண்டும், அது ஆவி, புகை இல்லை என்று அவருக்குத் தெரியும். "எறங்கிருங்க அண்ணாச்சி, தீப்புடிச்சிரப் போவுது." ஷேர் ஆட்டோ அம்மாள் "வண்டிக்கும் மூச்சு வாங்குது, பாவம்" என்றாள். அவர் இஞ்சினை அணைத்தார். அணைத்ததும் ஏசி நின்று, அந்த நொடியே உடம்பு முழுக்க வியர்த்தது, வேட்டியும் முதுகும் தோல் இருக்கையோடு ஒட்டிக்கொண்டன. இந்தச் சூடு, இந்த ஒட்டல், புரண்டு படுக்க முடியாத இந்த இடுக்கு. அண்ணன் இப்படித்தானே கிடக்கிறார் என்று தோன்றியது. இந்த நினைப்பும் ஒரு வேஷம் என்று அடுத்த நொடியே தோன்றியது. இவருக்கு ரயில் போனால் கேட் திறந்துவிடும். வேஷம் இல்லாத ஒன்று அவருக்குள் இருக்கிறது, அதை மட்டும் அவர் எப்போதும் சுற்றிப்போகிறார். பங்குனியில் ஒரு நாள், ஜெனிட்டா படச் சீட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள், "பேச்சு திரும்பும் அங்கிள். மெதுவாத்தான். ஆனா உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு, அவங்களுக்கு எதுவும் மறக்கல. வெளிய வர வழி மட்டும்தான் அடைச்சிருக்கு. ஒரு நாள் ரெண்டாவது வார்த்தை வரும், அப்புறம் கடகடன்னு வரும் பாருங்க." மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவரும் துடைத்துக்கொண்டார். அழுகையோடு வேறொன்றும் அப்போது அவருக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மாடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது என்ன என்று பிடிபட்டது. வரக் கூடாது. அந்த இரண்டாவது வார்த்தை வரக் கூடாது. கூடப் பிறந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன், அண்ணன் ஊமையாகவே இருந்துவிட வேண்டும் என்று விரும்பிக்கொண்டு மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தான். அதன்பிறகும் அவர் ஞாயிறுதோறும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனார். கட்டிலோரம் உட்கார்ந்து அண்ணனிடம் பேசினார். என்ன பேசினார்? "அண்ணே, கொழும்புக் கப்பல் பேரத்த நானே முடிச்சிறட்டா?" "சரி." "யார்டுக்கு நம்ம பெரியவன வரச் சொல்லட்டா?" "சரி." "நான் பாத்துக்கிடுதேன், நீங்க கவலைப்படாதிய, என்ன?" "சரி." திரும்பி வரும்போது மனசு லேசாக இருக்கும். ஒவ்வொரு வாரமும் அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவதற்குத்தான் போகிறார் என்பது அவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் போனார். இப்போது அண்ணன் கார் படத்தில் விரலை வைக்கிறார். நாலு நாளாக. வாய் அடைத்தவன் விரலால் சொல்லத் தொடங்கிவிட்டான். அதை மதினி ஆசை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

சரக்கு ரயில் வந்தது. நிலக்கரிப் பெட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக, முடியவே முடியாத மாதிரி. முடிந்துவிட வேண்டாம் என்று அவர் நினைத்தார். கரித்தூள் ஈரக்காற்றில் மிதந்துவந்து முன்கண்ணாடியில் படிந்தது. கழுவ வேண்டும், இன்றே கழுவாவிட்டால் பெயிண்டைக் கடித்துவிடும் என்று ஒரு பகுதி மனம் அதன் பாட்டுக்குக் குறித்துக்கொண்டது, வெட்கமே இல்லாமல். ரயில் போயிற்று. கம்பி மேலே ஏறியது. பின்னால் எல்லா ஹாரனும் ஒன்றாக அலறின. அவர் பொத்தானை அழுத்தினார், இஞ்சின் உறுமிக் கிளம்பியது. கிளம்பாமல் போகாதா என்றுதான் அழுத்தினார். ஆனால் அந்த ஆயுதபூஜைக்குப் பிறகு மாற்றிய பேட்டரி புத்தம்புதியது. தண்டவாள மேட்டில் அடிப்பாகம் உரசிக் கிறீச்சிட்டது. பையன்கள் "ஏய்!" என்று கைதட்டினார்கள். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

அண்ணன் வீட்டு வாசலில் ஏற்கெனவே எல்லோரும் தயாராக இருந்தார்கள். அண்ணனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலைவாரி, சக்கர நாற்காலியில் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து வைத்திருந்தாள் மதினி. ஜெனிட்டாவும் இருந்தாள், கையில் படச் சீட்டுக் கட்டோடு. வாசலில் ரோடு எதிர்ப்பக்கச் சாக்கடையை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கும், அவர் கேட்டைப் பார்த்து மூக்கை நிறுத்தி, பிரேக்கைப் போட்டு இறங்கினார். "பாத்தியளா, தம்பி வந்துட்டாக, தவளையும் வந்துட்டு," என்று மதினி குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். அண்ணன் காரைப் பார்த்தார். இவரைப் பார்க்கவில்லை. இடது கையால் நாற்காலியின் சக்கரத்தை உந்தி, கோணலாக, காரின் முன்னால் வந்தார். கையைத் தூக்கி அதன் மூக்கில் வைத்தார். "சுடும், சுடும்," என்று மதினி ஓடிவந்தாள். அண்ணன் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையைப் பரப்பி வைத்து, தோளைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். கார் அசையவில்லை. நாற்காலிதான் பின்னால் நகர்ந்தது. மறுபடி முன்னால் வந்து, மறுபடி கையை வைத்துத் தள்ளினார். "ஐயோ, வண்டியத் தள்ளுதாக பாருங்க!" மதினி சிரித்தாள். ஜெனிட்டா போனை எடுத்துப் படம் பிடித்தாள். "சூப்பர் அங்கிள்! நல்ல எக்ஸர்சைஸ்!" அண்ணனின் நெற்றி நரம்பு புடைத்தது. "சரி," என்றார், தள்ளிக்கொண்டே. "சரி. சரி." சொர்ணவேல் காருக்குள் பாதி நுழைந்து பிரேக்கை விடுவித்தார். கார் மெதுவாக, சாய்வில், பின்னால் உருண்டது, அண்ணன் உள்ளங்கையைவிட்டு ஒரு முழம், இரண்டு முழம். நடுரோட்டில் மறுபடி பிரேக்கைப் போட்டு நிறுத்தினார். வந்துகொண்டிருந்த பால் வண்டிக்காரர் திட்டினார். அண்ணன் கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். உள்ளங்கை சிவந்திருந்தது.

"நான்தான் மதினி," என்றார் சொர்ணவேல். ஜெனிட்டா நிற்கிறாள் என்பதோ, ரோட்டில் கார் குறுக்கே நிற்கிறது என்பதோ அப்போது அவருக்குத் தோன்றவில்லை. "அன்னைக்கு இசக்கிமுத்து ஆளுக எல்லாம் வண்டியத் தூக்கி வைக்கப் போனாக. நான்தான் தூக்காதியன்னேன். வண்டி உடஞ்சிரும்னு." மதினி முந்தானையின் நுனியை நனைத்து அண்ணனின் உள்ளங்கையில் ஒற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எனக்குக் காது இல்லையா தம்பி? அவுக தல என் மடியிலதான இருந்துச்சு." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "நீங்களாச் சொல்லுவிய, இந்த வாரம் சொல்லுவிய, அடுத்த வாரம் சொல்லுவியன்னு பாத்தேன். சாத்துக்குடி உரிச்சதுதான் மிச்சம்." அவர் நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. "அண்ணே. தப்புப் பண்ணிட்டேண்ணே." அண்ணன் இப்போதுதான் அவரைப் பார்த்தார். வாயின் இடப்பக்கம் அசைந்தது, ஏதோ ஒன்றைத் தேடியது, தொண்டை ஏறி இறங்கியது, வந்தது அதேதான். "சரி," என்றார். சொர்ணவேலின் தோள்கள் இறங்கின. மதினி உடனே சொன்னாள், குரலை உயர்த்தாமல், "அத எடுத்துட்டுப் போயிராதிய தம்பி. பல்லு தேய்க்கணுமான்னு கேட்டாலும் அவுக அதத்தான் சொல்லுவாக. அது உங்களுக்கு இல்ல." அண்ணன் மதினியைப் பார்த்து, பிறகு தம்பியைப் பார்த்து, இன்னொரு முறை "சரி" என்றார். பால் வண்டிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். சொர்ணவேல் எழுந்துபோய்க் காரை ஓரமாக நிறுத்தினார். நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் யாரும் ஏறவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி காலை, மூன்றாவது இட்லியை வைக்கப்போன மனைவியின் கையைத் தட்டிவிட்டு, பரமகுரு "போதும்" என்றார். தம்பி அப்போது அங்கே இல்லை. இரண்டாவது வார்த்தை வந்த செய்தி அவருக்குப் போனில் தெரிவிக்கப்பட்டது.